தூக்குச்சட்டிக்கு ஒரு டிக்கெட்

மதிய நேரத்தில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றால் எனக்கு இன்றும் பசிக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போனாலும் பசிக்கிறது. வயிற்றுக்கு வெட்கமே கிடையாது.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். எத்தனை நாள்தான் சாக்குச் சொல்வது? என் வகுப்புப் பெண் ஒருத்தியைத்தான் விரும்புகிறேன், வாழ்ந்தால் அவளோடுதான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா சந்தைக்கு முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"படிச்சது போதும். இல்ல, காலேஜுதான் வேணும்னா இப்பிடியே போயிரு" என்றார்.

பிடிவாதத்தில் நான் அவர் மகள். போய்விட்டேன்.

திண்டுக்கல் நாகல் நகரில் ஓர் அறை பிடித்து அவளும் நானும் தங்கினோம். பகலில் கல்லூரி, சாயங்காலம் துணிக்கடையில் சேலை மடிக்கிற வேலை. பல நாள் டீயும் பன்னும்தான் சாப்பாடு. படிப்பைப் பாதியில் விட்டுவிடுவோமோ என்ற பயம் இரண்டு பேருக்குமே இருந்தது. ஆனாலும் அந்த அறையில் நாங்கள் சிரித்த சிரிப்பை அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

எங்கள் எரியோட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து டவுனில் படிக்கிற பிள்ளைகளுக்கு வீட்டுச் சோறு பஸ்ஸிலேயே வரும். தூக்குச்சட்டியைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் போதும், பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு யாரும் காசு கேட்பதில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா எனக்கும் கொடுத்துவிட ஆரம்பித்தாள். திறந்தால் இரண்டு பேருக்குச் சோறு இருக்கும். அவளைப் பற்றி அம்மா ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. சோறு மட்டும் ஒருநாளும் குறைந்ததில்லை.

கடைசிப் பரீட்சை நேரத்தில் அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். இனி தூக்குச்சட்டி வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். மறுநாளே கண்டக்டர் அண்ணன் ஆள்விட்டு என்னைக் கூப்பிட்டார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"தங்கச்சி, இன்னைக்கு ஒங்கப்பாதான் ஏத்திவிட்டாரு. வேணாம் வேணாம்னு சொல்றேன், சட்டிக்கு டிக்கெட் எடுத்துட்டுத்தான் எறங்குனாரு."

பாவம், இத்தனை நாள் அம்மா செய்த காரியத்தின் முறை அப்பாவுக்குத் தெரியவில்லை. சோறு குழைந்து களியாகியிருந்தது. தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தில் உப்பை அள்ளிக் கொட்டியிருந்தார். அளவும் தெரியாமல் நாலு பேருக்கு ஆக்கியிருந்தார். அவள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

ரிசல்ட் வந்த அன்று வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா அழ ஆரம்பித்ததும் அப்பா போனை வாங்கினார். நான் வீட்டைவிட்டு வந்தபின் அவர் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்ப்பா" என்றேன்.

"ம்."

தோட்டத்து மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சரி, இவ்வளவுதான் என்று போனை வைக்கப் போனேன்.

"அந்தப் புள்ள?" என்றார் அப்பா. "அதுவும் பாஸாயிருச்சா?"