நாற்றுப் பைக்குள் ஐந்து விரல்

பம்ப் ஸ்டவ் வெடித்தது என்று சொன்னால், பெரிய சத்தம் கேட்டதா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. புஸ்ஸென்று சீறியது, என் வலது கை தீக்குள் இருந்தது, அவ்வளவுதான். கையை இழுத்துக்கொள்ளத் தோன்றாமல் ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிடப் பார்த்தேன். அந்த முட்டாள்தனத்துக்காக இன்றுவரை எனக்கு என்மேல் கோபம் உண்டு.

என் அலறல் கேட்டு அண்ணன் ஓடி வந்தான். அவன் வனத்துறை ஸ்டோரில் குமாஸ்தா. எங்கள் ராமநாதபுரம் பக்கம் சுட்ட புண்ணுக்கு உடனே தோசை மாவைக் கொட்டுவார்கள், மாவு இல்லாவிட்டால் இங்க் ஊற்றுவார்கள். வீட்டில் மாவு இல்லை. இங்க் இருந்தது, அதுவும் ஆபீஸ் இங்க், பெரிய பாட்டில். மிச்சம் வைக்காமல் என் கையில் கவிழ்த்தான். பிறகு என்னை இழுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினான்.

நாங்கள் இருந்தது போர்ட் பிளேருக்கு வடக்கே, மாயாபந்தரிலிருந்து மோட்டார் படகில் ஒன்றரை மணி நேரம் தள்ளி, காட்டை வெட்டித் தேக்கு நடும் ஒரு கேம்ப். ஓர் ஆபீஸ், ஒரு ஸ்டோர், வரிசையாகக் குவார்ட்டர்ஸ், இரண்டு அறை டிஸ்பென்சரி. டாக்டர் புதன்கிழமை மட்டும் படகில் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் சிஸ்டர்தான். கோட்டயம் பக்கத்துக்காரர். தமிழும் மலையாளமும் தீவு இந்தியும் கலந்து ஒரு பாஷை பேசுவார், அது எல்லோருக்கும் புரியும்.

"எந்தா இது மோளே? கையோ, மஷிக்குப்பியோ?" என்றார், கையா இங்க் பாட்டிலா என்று. அண்ணனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாசலுக்கே போய்விட்டான். நீலம் கலையாமல் தோல் எவ்வளவு ஆழம் வெந்திருக்கிறது என்று தெரியவில்லை. அதைக் கழுவி எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

அதன்பின் நான்கு நாள் ஆளாளுக்கு மருந்தோடு வந்தார்கள். தெலுங்குக்காரர் வீட்டிலிருந்து மஞ்சளும் தேங்காயெண்ணெயும், வங்காளி வீட்டிலிருந்து காட்டுத் தேன், ராஞ்சிக்காரர்களின் கூலி லைனிலிருந்து ஏதோ பச்சிலைச் சாறு. இந்தியாவே என் கையில் மருந்து போட வந்து நின்றது. சிஸ்டர் எல்லோரையும் திருப்பி அனுப்பினார். தேனை மட்டும் வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார். பின்னால் சுண்டுவிரல் ஓரம் அழுக ஆரம்பித்தபோது அதைத்தான் சுற்றிலும் தடவினார், அந்த இடம் சுத்தமாகவும் செய்தது.

புதன்கிழமை டாக்டர் வந்தார். வங்காளி, அதிகம் பேசாதவர். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஹாத் பச் ஜாயேகா" என்றார். கை பிழைத்துவிடும் என்று அர்த்தம். நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் சொன்னார். பிடிமானம் இருக்காதாம். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டும், இல்லாவிட்டால் விறைத்துப்போகும், டைப் அடிக்கும் வேலையை மறந்துவிடலாம்.

எனக்கு அந்த வேலையைத் தவிர வேறு எதுவும் இல்லை. பத்தாவது முடித்து, டைப்பிங் கற்று, வீட்டில் ஒற்றைக் காலில் நின்று கப்பல் ஏறியவள் நான். கேம்ப் ஆபீஸில் தற்காலிக டைப்பிஸ்ட். மூன்றரை மாதத்தில் போர்ட் பிளேரில் டெஸ்ட். பாஸ் செய்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மெயின்லேண்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அப்பா பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்கு என்னைவிடப் பதினெட்டு வயது அதிகம். கை போனபின் அவரும் வேண்டாம் என்பார், அப்புறம் அண்ணிமார் வீட்டு மூலையில் ஆயுசு முழுக்க உட்கார வேண்டும். சின்ன அண்ணனோடு தீவுக்கு வந்ததே அந்த மூலைக்குத் தப்பித்துத்தான்.

அண்ணனோ அன்று சாயங்காலமே முடிவு செய்துவிட்டான். "பேசாம மெயின்லேண்டுக்குப் போயிரு. கப்பலுக்குப் பேர் குடுத்துர்றேன். அடுத்த கப்பல்லயே போயிரலாம்."

"டெஸ்ட் எழுதாம போக மாட்டேன்."

"எந்தக் கையால எழுதுவ?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னேன். இங்க் பாட்டிலைப் பற்றியும் சொன்னேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று.  ஆனாலும் டெஸ்டுக்கு மறுநாள் கிளம்பும் கப்பலுக்குப் பேரைக் கொடுத்துவிட்டான்.

வலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெந்தபோது பட்ட வலி ஒரு நாளோடு போயிற்று, கட்டுப் பிரிக்கும் வலி தினமும் வந்தது. மெழுகு தடவிய வலைத்துணி என்று ஒன்று உண்டு, புண்ணில் ஒட்டாது. அது தீர்ந்துபோய், அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தார்கள். வெறும் காஸ் துணிதான் இருந்தது. சிஸ்டர் உப்புத் தண்ணீர் ஊற்றி, ஊறவைத்து, பொறுமையாகத்தான் பிரிப்பார். அப்படியும் நேற்று முளைத்த இளந்தோல் துணியோடு வந்துவிடும். மூன்று வாரம் இப்படியே போயிற்று. தினமும் கொஞ்சம் ஆறுவது, தினமும் அதைப் பிய்த்தெடுப்பது. நான் அழவில்லை, கத்தினேன். ஸ்டோர்வரை கேட்டதாக அண்ணன் சொன்னான்.

என் கை போனதில் பாத்திரம் கழுவும் வேலை அண்ணன் தலையில் விழுந்திருந்தது. அவனுக்கு அது வேப்பங்காய். தட்டுக் கழுவாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தான்: கொல்லையில் வாழை இருக்கிறதே, தினமும் இலைச் சாப்பாடு. ஒரு மத்தியானம் இடது கையால் பிசைந்து, பாதி சிந்தி, எரிச்சலோடு சாப்பிட்டு எழுந்தேன். அவன் இலையை எடுத்துச் சாய்த்தான். மிச்சச் சோறு மொத்தமாக வழுக்கிக் கீழே விழுந்தது. ஒரு பருக்கை ஒட்டவில்லை.

நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் அம்மை போட்டவர்களை வாழையிலையில்தான் படுக்க வைப்பார்கள். பாயில் படுத்தால் கொப்புளம் ஒட்டிப் பிய்யும். சின்ன வயதில் நானே அப்படிப் படுத்திருக்கிறேன். பச்சை வாசம்கூட நினைவில் இருந்தது. மூன்று வாரமாக இது எனக்குத் தோன்றாமல் போனதே என்று தலையில் அடித்துக்கொள்ள நினைத்தேன். அடித்துக்கொள்ளும் கையில்தான் கட்டு.

கை கழுவாமல் டிஸ்பென்சரிக்குப் போனேன். சிஸ்டர் முதலில் மாட்டேன் என்றார். "இலையில் அழுக்கு இருக்கும் மோளே. பழுத்துப் போயால் ஞான் பதில் பறயணும்."

"ஆவியில வேகவச்சு எடுங்க சிஸ்டர். உங்க துணியையும் அப்படித்தானே எடுக்கிறீங்க?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "இட்லிப் பாத்திரம் உண்டோ?" என்றார்.

அப்புறம் எங்கள் வீட்டில் இட்லி கிடையாது. குருத்திலைக்கு அடுத்த இளம் இலை, நரம்பை நீக்கி, கழுவி, இட்லிப் பாத்திரத்தில் அவித்து ஆறவைத்தது. பளபளப்பான பக்கம் புண்ணின் மேல், அதற்கு மேல் காஸ். ஒட்டக்கூடாதென்று ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனிச் சுற்று. மறுநாள் கட்டுப் பிரித்தபோது இலை தானாகக் கழன்று வந்தது. அடியில் வெளிறிய ரோஜா நிறத்தில் தோல், இருந்த இடத்திலேயே இருந்தது. அன்றைக்குத்தான் அழுதேன், சந்தோஷத்தில். சிஸ்டரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

தோல் வந்தது, விரல்தான் மடங்கவில்லை. இலையும் துணியும் சுற்றிய விரல் எப்படி மடங்கும்? டாக்டர் சொன்ன விறைப்பு வர ஆரம்பித்தது. கட்டில்லாமல் திறந்து வைத்தால் புண் காய்ந்து வெடித்தது. ஈரமாகவும் இருக்க வேண்டும், அசையவும் வேண்டும். இதற்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை, ஒரு வாரம் எல்லோரையும் கடித்துக் குதறினேன்.

தற்காலிக வேலை போய்விடக் கூடாதென்று கட்டோடும் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன், வழி அங்கே என் மேஜைக்கே வந்தது. தேக்கு நாற்று வளர்க்க பாலிதீன் பைகள் வந்து இறங்கும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட வேண்டும். டைப் வேலை இல்லாத நாட்களில் ஆபீஸ் பஞ்சிங் மிஷினால் கட்டுக் கட்டாக ஓட்டை போடுவது என் வேலை. நாற்றங்கால் வாட்ச்மேன், ராஞ்சிக்காரர், புதுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, என் கையைப் பார்த்துத் தயங்கினார். "ரஹ்னே தோ தீதி, மே கர் லூங்கா" என்றார், இருக்கட்டும் அக்கா, நானே செய்துகொள்கிறேன் என்று. நான் ஒரு பையை எடுத்து இடது கையில் மாட்டிப் பார்த்தேன். உள்ளே விரல்கள் தாராளமாக மடங்கி விரிந்தன. கொஞ்ச நேரத்தில் பைக்குள் வியர்த்தது. ஓட்டை போடாமல் பத்துப் பை வேண்டும் என்றேன். கேள்வி கேட்காமல் எண்ணிக் கொடுத்தார்.

முதல் பையை சிஸ்டர் வழக்கம்போல் கொதிக்கும் தண்ணீரில் போட்டார். அது சுருண்டு அப்பளம்போல் ஆகிவிட்டது. இரண்டாவதைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, ஆறிய தண்ணீரில் அலசினோம். கை முழுக்க சல்பா களிம்பு, அதன்மேல் பை, மணிக்கட்டில் துணிக் கட்டு. பகலில் பை, படுக்கும்போது இலை. இரண்டு வேளையும் பையை மாற்ற வேண்டும், உள்ளே நீர் தேங்கி நாறும், தோல் ஊறி வெளுத்துவிடும். அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவான்.

ஒரு பலகையில் டைப்ரைட்டர் கட்டைகளைச் சுண்ணாம்பால் வரைந்துகொண்டு, பைக்குள்ளிருந்தே தட்டினேன். வலது சுண்டுவிரலுக்கு ஆங்கில 'பி' எழுத்து. ஆபீஸ் கடிதம் ஒவ்வொன்றிலும் போர்ட் பிளேர் என்று வரும், அந்த எழுத்தில்லாமல் இந்தத் தீவில் டைப்பிஸ்டாக இருக்க முடியாது. அந்த விரல்தான் கடைசிவரை முழுதாக நீளவில்லை. மோதிர விரலை எட்டி நீட்டப் பழக்கினேன். தோல் இழுக்கும், பையின் உள்பக்கம் சிவப்பாகும். சிஸ்டர் திட்டுவார், நிறுத்துவேன், அவர் போனதும் தட்டுவேன்.

டாக்டர் பையைப் பார்த்ததும் கோபப்பட்டார். கழற்றச் சொல்லிக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடக்கச் சொன்னார், மடக்கினேன்.  கிளம்பும்போது இரண்டு நாற்றுப் பைகளை மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

டெஸ்டுக்கு அண்ணனும் கூட வந்தான். சட்டைப் பையில் கப்பல் டிக்கெட். போர்ட் பிளேரில் அந்த ஆபீஸில் எட்டுப் பேர் தட்டினோம். விரல் இடுக்குகளில் ரத்தம் கசிந்தது, தாளில் படாமல் பார்த்துக்கொண்டேன். எத்தனை தப்பு விட்டேன் என்று தெரியவில்லை. முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். கப்பலோ மறுநாள் காலை.

அண்ணன் வாசலில் மரத்தடியில் நின்றிருந்தான். "என்ன சொன்னாங்க?"

"மூணு வாரம் ஆகுமாம்."

"அப்ப என்ன பண்றது?" டிக்கெட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டான். அவன் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. இங்க் ஊற்றிய நாளிலிருந்தே, என் கையைத் தானே கெடுத்துவிட்டோமோ என்ற பயம்தான் அவனுக்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"குடு" என்று வலது கையை நீட்டினேன். கொடுத்தான். ஐந்து விரலையும் மடக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப இழு."

"எதுக்கு புள்ள?"

"இழுண்ணே."

மெதுவாக இழுத்தான். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தான். என் புதுத்தோல் வெள்ளையாக விறைத்தது, சுண்டுவிரல் நடுங்கியது, டிக்கெட் வரவில்லை. அவன் கண் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வலிக்குதா?" என்றான்.

"வலிக்குது. விட மாட்டேன்."

அவன்தான் விட்டான்.