துப்புரவாக்கித் தாங்கோ

போர் முடிந்து ஊருக்கு மீள்குடியேறிய புதிதில் உயிலங்குளத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருந்தேன். ஒரு காலை, ஒரு அம்மா பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார்.

“இதைக் கொழுவினால் கொம்பியூட்டர் இறுகிப்போகுது தம்பி. துப்புரவாக்கித் தாங்கோ.”

கொழுவினேன். என் கணினியும் அசையாமல் நின்றது. டிஸ்க்குக்குள்ளிருந்து டொக், டொக் என்று சத்தம், யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது போல. வெகுநேரத்துக்குப் பிறகு திரையில் ஒரேயொரு கோப்புறை தெரிந்தது. அதன் பெயர் ‘ரூபன்’. திறக்க முயன்றேன், முடியவில்லை. தட்டல் மட்டும் நிற்கவேயில்லை. எனக்கு ஏனோ உடம்பு கூசியது. பிரதி எடுக்காமல், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், முழுவதையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். பின்னேரம் சத்தம் அடங்கியது.

மறுநாள் அவர் கையில் ஒரு படிவத்தோடு வந்தார்.

“காணாமல் போன ஆக்களைப் பதியினம். டிஸ்க்குக்குள்ள இருக்கிற மகன்ர படம் ஒண்டு எடுத்துத் தாங்கோ.”

“எல்லாம் அழிச்சிட்டன் அம்மா. நீங்கள்தானே துப்புரவாக்கச் சொன்னனீங்கள்?”

“நான் வைரசையெல்லோ சொன்னனான்,” என்றார். பிறகு மிக மெதுவாக, “வேற படம் இல்லைத் தம்பி.”

பழுதான ஓரிடத்தை வாசிக்க முடியாமல், விடாமல் திரும்பத் திரும்ப முயன்றதால்தான் அந்த டிஸ்க் கணினியை இறுக்கியது. அது எனக்கு அன்றும் தெரியும்.

இப்போது யாராவது பழைய டிஸ்க் கொண்டுவந்தால், என்ன இருக்கிறது என்று நான் கேட்பதில்லை.

“உள்ளுக்கு ஆர் இருக்கினம்?” என்றுதான் கேட்கிறேன்.