வாத்தியார் வீட்டுக்குப் போன கிறிஸ்மஸ் கேக்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு கிறிஸ்மஸ் அன்று, மலாயாவில் ஜொகூர்ப் பக்கம் ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் நடந்தது இது. ஊர் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சாலைகள் சந்திக்கும் இடத்தில் பத்துப் பதினைந்து கடைகள், அதற்குப் பின்னால் பார்த்த பக்கமெல்லாம் ரப்பர் மரம், அவ்வளவுதான். என் கணவருக்கு ரோடு போடும் இலாகாவில் கிளார்க் வேலை. யாழ்ப்பாணத்தில் கல்யாணம் முடித்து, கப்பல் ஏறி நான் வந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அங்கே கோயிலும் கிடையாது, கோயில் மணியும் கிடையாது. எங்களைப் போல வேதக்காரக் குடும்பங்கள் ஐந்து இருந்தன. கிறிஸ்மஸ் காலையில் ஒருவர் வீட்டில் கூடி, ஜெபம் செய்து, ஆளுக்கொரு சுருதியில் பாடுவோம். சவுக்குக் கிளையை மண்ணெண்ணெய்த் தகரத்தில் நட்டு, பஞ்சை ஒட்டிவைத்து அதைப் பனி என்போம். வெளியே அடைமழை. உள்ளே வேர்வை. ஆனாலும் அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

குறை என்றால் என் கேக்தான். முதல் வருஷம் சுட்டதைக் கத்தியால் வெட்ட முடியவில்லை. "இதை வீணாக்காதேயும், பத்து பகாட் ரோட்டுக்குப் போட உதவும்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த வருஷக் கேக் நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கும் சிரித்தார்.

மூன்றாம் வருஷம் விடுவதில்லை என்று ரோஷம் வந்துவிட்டது. அம்மாவுக்கு எழுதி, எங்கள் வீட்டுக் கேக்கின் பக்குவத்தைக் கேட்டு வாங்கினேன். முந்திரிகைவற்றல் என்கிற உலர்ந்த திராட்சை, பூசணிக்காய் அல்வா, முந்திரிப்பருப்பு எல்லாவற்றையும் பொடியாக வெட்டி, ஒரு மாதம் முன்பே ஜாடியில் பிராந்தி ஊற்றி ஊறவைக்க வேண்டும். ஊறவைத்தேன். பிஸ்கட் தகரத்துக்குக் கீழே நெருப்பு, மேலே மூடியில் நெருப்பு என்று வைத்து, பக்கத்தை விட்டு நகராமல் இருந்து சுட்டேன். தகரத்தைத் திறந்ததும் வந்த வாசனையில் எனக்கே தலைகால் புரியவில்லை.

கிறிஸ்மஸ் அன்று அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். முதல் தட்டு எப்போதும் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்ப் பள்ளி வாத்தியார் வீட்டுக்குத்தான். வாத்தியாரின் மனைவியை நான் தமிழிலேயே அக்கா என்று கூப்பிடுவேன். அவளும் அதுதான் தன் பெயர் என்பதுபோலத் திரும்பிப் பார்ப்பாள். என்னை 'ஆடிக்' என்பாள், தங்கச்சி என்று அர்த்தம். நான் வந்த புதிதில் காய்ச்சலில் விழுந்தபோது, பாஷை தெரியாத என் பக்கத்தில் ஏழெட்டு நாள் உட்கார்ந்து, கஞ்சி ஊட்டித் தலை வாரிவிட்டவள் அவள். அந்த ஊரில் எனக்கென்று இருந்த பெண்பிள்ளைத் துணை அவள் ஒருத்திதான்.

அதனால் அந்தத் தட்டு விஷயத்தில் நான் மிகவும் கவனம். பன்றிக் கொழுப்பு எதிலும் சேராமல் பார்த்துக்கொள்வேன். எங்கள் இறைச்சிக் கறி படாத பாத்திரம், தட்டு, கத்தி எல்லாம் அவர்களுக்கென்றே தனியாக வைத்திருந்தேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வருஷம் கிறிஸ்மஸ் அவர்களுடைய நோன்பு மாதத்தில் வந்தது. பெருநாளுக்கு இன்னும் ஓரிரு நாள்தான். காலையில் ஜெபம் முடிந்ததும் நானே தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா மேலே மூடியிருந்த பின்னல் துணியை விலக்கி முகர்ந்து பார்த்து, "என்ன வாசம், என்ன வாசம்!" என்றாள். நான் அரையடி உயர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து என் கணவர் ஒரு துண்டு கேக்கை வாயில் வைத்தார். கண்ணை மூடிச் சுவைத்தார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"இஞ்சாரும், இதுக்குள்ள என்ன விட்டனீர்?"

"பிராந்திதான். ஏன், காணாதோ?"

"எவ்வளவு?"

"ஒரு போத்தல்."

அவர் மெதுவாகத் தட்டை மேசையில் வைத்தார். "வாத்தியார் வீட்டுக்கும் இதைத்தானோ குடுத்தனீர்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்புவீர்களோ என்னவோ, அந்த நிமிஷம் வரை பிராந்தியை நான் மதுவாக நினைத்ததே இல்லை. எங்கள் ஊரில் அது மருந்துப் பெட்டியில் இருக்கிற சாமான். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு கரண்டி, வயிற்றுக் குத்துக்கு ஒரு கரண்டி. ஒரு சொட்டுக் கள்ளுக்குக்கூட வீட்டில் இடம் கொடுக்காத என் அம்மாவே அலமாரியில் பூட்டிவைத்திருப்பாள். பன்றிக் கொழுப்புக்கு அவ்வளவு காவல் இருந்தவள், ஒரு போத்தல் பிராந்தியைக் கொண்டுபோய் நோன்பு பிடிக்கிற வீட்டில் என் கையாலேயே கொடுத்துவிட்டேன்.

பகலில் அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல். பொழுது சாய்ந்து, நோன்பு திறக்க முரசு அடிக்கும்வரை நேரம் இருந்தது. அதற்குள் கேக்கைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். எப்படிக் கேட்பது?

"மாவுக்குள்ள பல்லி விழுந்திட்டுது எண்டு சொல்லும். இப்பதான் கண்டனான் எண்டு சொல்லி வாங்கிக்கொண்டு வாரும். ஒருத்தருக்கும் மனம் நோகாது" என்றார் அவர். ஆம்பிளைகள் இதில் தலையிட்டால் பெரிதாகிவிடும் என்று அவர் வீட்டிலேயே இருந்துகொண்டார். பல்லிக்கு மலாயில் 'சீச்சாக்' என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்.

பயற்றம் பணியாரம் கொஞ்சத்தை வேறொரு தட்டில் மாற்றாக எடுத்துக்கொண்டு, கிறிஸ்மஸ் புதுச்சீலையோடு சேற்றில் இறங்கினேன். சீச்சாக், சீச்சாக் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். வேலியோரம் ஒரு செருப்பைச் சேறு பிடித்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. மற்றதையும் அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன்.

அக்கா வீட்டில் இல்லை. நோன்புக் கஞ்சி காய்ச்சத் தொழுகைக் கூடத்துக்குப் போயிருக்கிறாள் என்று வீட்டில் இருந்தவர்கள் சொன்னார்கள். தட்டு எங்கே என்று கேட்டேன். அதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்றார்கள். ஒரு வீட்டோடு போகவேண்டியது ஊர் முழுக்கப் பரவப்போகிறதே!

ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தொழுகைக் கூடத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் பெரிய அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் சுற்றி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவே ஒரு பலகையில் என் கேக். எல்லாருக்கும் வரவேண்டும் என்று அக்கா அதை விரல் அகலத் துண்டுகளாக வெட்டி அழகாக அடுக்கியிருந்தாள்.

என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. மற்றப் பெண்களிடம், "இவள்தான் நான் சொன்ன தங்கச்சி. நமக்கென்று தனிப் பாத்திரம், தனிக் கத்தி வைத்திருக்கிறாள். இவள் வீட்டிலிருந்து வந்தால் நான் எதையும் கேட்பதில்லை" என்றாள்.

வாயில் தயாராக இருந்த பல்லி உள்ளேயே செத்துவிட்டது. அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு எந்த முகத்தோடு பொய் சொல்வது? நின்ற இடத்திலேயே அழத் தொடங்கிவிட்டேன். தெரிந்த அரைகுறை மலாயில், "அக்கா, சாப்பிட வேண்டாம். அதில் அராக் இருக்கிறது. ஒரு போத்தல். நான் போட்டேன்" என்றேன்.

அண்டாவில் துடுப்பு நின்றது. மூத்த பெண் ஒருத்தி நெஞ்சில் கைவைத்து இறைவன் பெயரைச் சொன்னாள். அக்கா என்னையும் கேக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏன் போட்டாய் என்று கேட்டாள். கோபமாகக் கேட்டாளா, சாதாரணமாகக் கேட்டாளா என்றுகூட எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் அது மருந்து, பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுப்போம், மது என்ற நினைப்பே வரவில்லை என்று உளறினேன். உளறத் தொடங்கினால் நான் பாதியில் நிறுத்துகிற ஆள் இல்லை. உங்களிடம் பல்லி விழுந்ததாகப் பொய் சொல்லத்தான் வந்தேன், வழியெல்லாம் சீச்சாக் சீச்சாக் என்று பாடம் பண்ணினேன் என்பதையும் சொல்லிவிட்டேன்.

முதலில் சிரித்தது அந்த மூத்த பெண்தான். பிறகு ஒருத்தி, அவளைப் பார்த்து இன்னொருத்தி. சேறு பூசிய வெறுங்காலோடு, பட்டுக்கரைச் சீலையில், மூக்கைச் சிந்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ சொல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. தெரியாமல் சாப்பிட்டால் எங்கள் மேல் குற்றமும் இல்லை. உனக்கு மட்டும்தான் பாரமாக இருந்திருக்கும். வந்து சொன்னாயே, அதுவே போதும்" என்றாள். பிறகுதான் அவளுக்கும் சிரிப்பு வந்தது. "காய்ச்சல்காரர் ஒருவரும் இல்லாத ஊருக்கு இவ்வளவு மருந்தா கொண்டுவருவது?" என்று கேட்டு என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

கத்தியையும் பலகையையும் நாங்கள் இருவருமாகக் கழுவினோம். கேக்கை நான் எடுத்துக்கொண்டு போய், எனக்குப் பிராந்தி விற்ற சீனர் கடையிலேயே கொடுத்தேன். கடைக்காரர் நின்றபடியே மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, உள்ளே போய் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களுக்கு அன்று திருவிழாதான்.

நான் திரும்பிக் கொட்டகைக்கு வந்தேன். வீட்டுக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை, துடுப்பைத்தான் கையில் கொடுத்தார்கள். போனவளைக் காணோமே என்று தேடிவந்த என் கணவர், நான் மலாய்ப் பெண்களோடு கஞ்சி கிண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். வாத்தியார் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் உட்காரவைத்தார். முரசு அடித்தது. பேரீச்சம்பழமும் சுடச்சுடக் கஞ்சியும் வந்தன. நான் கொண்டுவந்த பயற்றம் பணியாரமும் சுற்றிவந்தது. வீட்டில் கோழிக்கறி ஆறிக் கிடக்க, அந்தக் கிறிஸ்மஸ் இராச்சாப்பாட்டை நாங்கள் நோன்புக் கஞ்சியோடு முடித்துக்கொண்டோம். அவ்வளவு ருசியாக நான் எந்தக் கிறிஸ்மஸிலும் சாப்பிட்டதில்லை.

மறு வருஷம் நோன்புப் பெருநாள் முன்னதாகவே வந்து போய்விட்டது. கிறிஸ்மஸுக்குப் பிராந்தி இல்லாமல், தோடம்பழச் சாற்றில் ஊறவைத்துக் கேக் சுட்டேன். சுட்டேனே தவிர, வாத்தியார் வீட்டுத் தட்டில் அதை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பணியாரமும் முறுக்கும் மட்டும் வைத்து மூடினேன். மனதுக்குள் வெட்கம் அப்படியே இருந்தது. என்னதான் சிரித்துப் பேசினாலும், இனி என் கை கேக் என்றால் அக்காவுக்கு ஒரு சந்தேகம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

தட்டைக் கொண்டுபோக நான் சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவளே எங்கள் வீட்டுப் படியேறி வந்துவிட்டாள். தட்டைத் திறந்து பார்த்தாள். "கேக் எங்கே?" என்றாள். மேசையில் வெட்டி வைத்திருந்ததைக் கண்டாள். "அக்கா, பொறுங்கோ, இந்த முறை அதுக்குள்ள..." என்று நான் தொடங்கி முடிப்பதற்குள், பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே, இன்னொன்றுக்குக் கையை நீட்டினாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ கிறிஸ்மஸ் வந்து போய்விட்டது. கேக்கும் எனக்கு நன்றாகவே கைவந்துவிட்டது. ஆனாலும் ஒருவர் வாயில் போடும் எதையும் என் கையால் கொடுக்கும்போதெல்லாம், நான் சொல்லி முடிக்கும்வரைகூடக் காத்திராத அந்த நம்பிக்கைக்குப் பங்கம் வந்துவிடக் கூடாதே என்று இன்றும் ஒரு நிமிஷம் நின்று யோசித்துத்தான் கொடுக்கிறேன்.