பேச ஆள் இல்லாத வீடு

எங்கள் பக்கத்தில் போலீஸ்காரர் வண்டியை மறித்தால், லைசென்ஸை எடுப்பதற்கு முன்னால் போனை எடுப்பார்கள். யாரையாவது கூப்பிட்டு, "சார், ஒரு நிமிஷம் பேசுங்க" என்று அதை அப்படியே போலீஸ்காரர் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பக்கம் ஒரு கட்சிக்காரரோ, ஸ்டேஷனில் வேலை பார்க்கும் சகலையோ இருப்பார். பிடுங்கிய சாவி திரும்பி வந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படிக் கூப்பிட ஒருவரும் கிடையாது. அதனால் நான் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்திருப்பேன். நமக்கு எதற்கு அடுத்தவன் தயவு என்று பெருமை வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கையைப் பரீட்சைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அரசாங்க வேலைக்கான தேர்வு, மூன்றாவது தடவையாக எழுதப் போகிறாள். பகலெல்லாம் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு, வீங்கின காலோடு வீட்டுக்கு வந்து படித்தவள். ஒன்பது மணிக்குத் தேர்வு நடக்கும் பள்ளிக்கூடத்தின் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் காலில் விழுந்தாலும் திறக்க மாட்டார்கள். வாடிப்பட்டிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஏழரைக்குக் கிளம்பி, எட்டு இருபதுக்கெல்லாம் காளவாசல் வந்துவிட்டோம். இன்னும் பத்து நிமிஷப் பாதைதான்.

சிக்னலைத் தாண்டியதும் ஒருவர் கையைக் காட்டி மறித்தார். இன்னொருவர் வந்து சாவியை உருவிக்கொண்டார்.

"பின்னாடி ஹெல்மெட் எங்க?"

எங்களிடம் இருந்தது ஒரு ஹெல்மெட். அது என் தலையில் இருந்தது. ஓட்டுகிறவனைத்தான் பிடிப்பார்கள் என்று அவளிடம் சொல்லிக் கூட்டிவந்த புத்திசாலி நான்தான்.

"ஃபைன் போட்டுருங்க சார், கட்டிருறேன். தங்கச்சிக்குப் பரீட்சை" என்றேன்.

"மிஷின்ல சார்ஜ் இல்ல. வேற மிஷின் வருது. ஓரமா நில்லு."

நின்றோம். எங்களுக்கு அப்புறம் மாட்டியவர்கள் போனை நீட்டி, பேச வைத்து, போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருவர் ஹெல்மெட் இல்லாமலே வந்து, ஹெல்மெட் இல்லாமலே போனார். தங்கை ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "நான் ஆட்டோல போயிரவாண்ணே?" என்றாள். "பொறு, விட்டுருவாங்க" என்றேன். அன்றைக்கு நான் செய்த தப்புகளில் இரண்டாவது அதுதான்.

ஜீப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் போனேன்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கணக்கு வாத்தியார் சார். தனியார் ஸ்கூல்."

"எந்த ஊரு?"

சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அட, மச்சு வீட்டுக்காரர் ஊரா? அவரு நமக்குச் சொந்தம்ல. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

ஊருக்குள்ளா, காலனியா என்று நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இப்படித்தான் கேட்பார்கள். மச்சு வீட்டுக்காரர் வயலில்தான் என் அப்பா முப்பது வருஷம் கூலிக்கு உழுதார். அம்மா நாற்று நட்டாள். இப்போது அப்பா சொந்தமாக ஒரு ஏக்கரில் பயிர் செய்கிறார். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். அவருக்கும் எனக்கும் ஒரு உறவும் இல்லை, ஃபைனைப் போடுங்கள் என்றிருக்கலாம். மணியைப் பார்த்தேன். எட்டு நாற்பது.

"மாமா முறை சார்" என்றேன்.

"மொதல்லயே சொல்றதில்லையா மாப்ள!" என்று எழுந்தே விட்டார். சாவியைக் கொண்டுவரச் சொன்னார். அதோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஆனால் மனிதருக்குப் பாசம் பொங்கிவிட்டது. "அவருகிட்டப் பேசியும் ரொம்ப நாளாச்சு, ஒரு வார்த்தை சொல்லிருவோம்" என்று போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணே, ஒங்க மாப்ள ஒருத்தரு இங்க நிக்கிறாரு. வாத்தியாரு. தங்கச்சியப் பரீட்சைக்குக் கூட்டிட்டு வந்திருக்காரு."

"எந்த மாப்ளய்யா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். என் பெயரையும் அப்பா பெயரையும் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் பக்கம் மச்சு வீட்டுக்காரர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"அட, நம்ம பண்ணையில கெடந்தவன் மகன்ய்யா. காலனிப் பய. மாமாவாம்ல! சரி விடுங்க, பொட்டப்புள்ள பரீட்சைக்குப் போகுது, பாவம். நான் சொன்னேன்னு விட்டுருங்க. போனை அவன்ட்டக் குடுங்க."

போன் என் கைக்கு வந்தது.

"ஏண்டா, நான் ஒனக்கு மாமாவாடா?"

"தப்புதாங்கய்யா" என்றேன்.

எனக்கு முப்பத்துநான்கு வயசு. நான் வகுப்புக்குள் நுழைந்தால் அறுபது பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். தங்கை நாலடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அதிகாரி சாவியைக் கையில் தரவில்லை. வண்டி சீட்டின் மேல் விட்டெறிந்தார். "போடா. இனிமே மொறை சொல்றதுன்னா பாத்துச் சொல்லு." வாத்தியாரில் தொடங்கி, மாப்ளையாகி, 'டா'வுக்கு வந்து சேர ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

எட்டு ஐம்பத்தாறுக்கு அவள் கேட்டுக்குள் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. "நான் பஸ்ல வந்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தத் தடவை தேறிவிட்டாள். ஆனால் ஊர் டீக்கடையில் ஓடிய கதை வேறு. மச்சு வீட்டுக்காரர் ஒரு போன் போட்டாராம், அதனால்தான் அந்தப் பிள்ளைக்கு அரசாங்க வேலையாம். நான் மாமா என்று சொன்னதையும் சேர்த்துச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வேலை உத்தரவு வந்த அன்று அப்பா பழத்தட்டு வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குக் கிளம்பினார். தங்கை வர மாட்டேன் என்றுவிட்டாள். நான் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம்.

"ஒன் மகளுக்கு வேலை வாங்கிக் குடுத்தது என் போனுதான்ப்பா" என்றார் மச்சு வீட்டுக்காரர்.

"ஆமாங்கய்யா" என்றார் அப்பா.

அப்பாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று வருஷம் அவள் கண்விழித்துப் படித்ததை அந்த வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அப்பா தட்டை மட்டும்தான் தூக்கிவந்தார்.

இப்போது அவளுக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கம் வேலை. என் பள்ளிக்கூடமும் அதே சாலையில்தான் இருக்கிறது. ஆனால் தினமும் காளவாசலில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நின்றுதான் போகிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என் வண்டியில் ஏறியதே இல்லை. இரண்டாவது ஹெல்மெட் ஒன்று வாங்கினேன். போன மாதம் அவள் நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி அதை நீட்டினேன்.

"ஏறும்மா. நானும் அந்தப் பக்கந்தான் போறேன்."

அவள் ஹெல்மெட்டைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"இன்னைக்கு மறிச்சா யாரு பேரச் சொல்லுவண்ணே?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறி, படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள்.