நாலு கதவுச் சமாதானம்

"...ஆர் முதல் உள்ளுக்குப் போறது எண்டதிலயே இழுபட்டு, கடைசியா நாலு பக்கமும் கதவு வைச்சு மண்டபம் கட்டினவங்களாம். எல்லாரும் ஒரே நேரத்தில வந்தா ஒருத்தருக்கும் மானம் போகாது பாருங்கோ," என்றாள் என் மனைவி, வெங்காயம் உரித்தபடி.

துருக்கி சுல்தானின் தூதர்களும் ஐரோப்பிய அரசர்களின் தூதர்களும் நெடுநாள் சண்டைக்குப் பிறகு சமாதானம் பேசக் கூடிய கதை அது. பழைய ஐரோப்பியப் போர்கள் என்றால் அவளுக்கு உயிர். வெக்ஸ்போர்ட் பக்கம் பேக்கரி வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அந்தக் கதைகளைக் கேட்பாள். வீட்டுக்கு வந்து, பக்கத்து அப்பார்ட்மென்ட் சனத்தின் புதினம்போல எனக்குச் சொல்வாள். பனிப்புகாருக்குள் குதிரையை விட்டுச் செத்துப்போன சுவீடன் அரசனில் இன்னும் கோபம். "கிட்டப் பார்வைக்காரனுக்கு முன்னுக்குப் போற வேலை என்னத்துக்கு?" என்பாள். குதி உயர்ந்த சப்பாத்துப் போட்ட பிரான்ஸ் அரசனைப் பற்றிப் பேச்சு வந்தால், சுவரில் இருக்கும் எங்கள் கலியாணப் படத்தில் என் காலைப் பார்த்துவிட்டுச் சிரிப்பாள்.

அன்று சொன்னது சும்மா கதையல்ல. மகளின் கலியாண வரவேற்பு கிட்டிக்கொண்டிருந்தது. மனைவிக்கு இரண்டு அண்ணன்மார். தகப்பனின் மரண அறிவித்தலில் யாருடைய போன் நம்பரை முதலில் போடுவது என்று தொடங்கிய சண்டை, பேச்சுவார்த்தை இல்லாமல் போய் முடிந்தது. மூத்தவன் நான் என்றார் பெரியவர். உங்கள் எல்லாரையும் இந்த நாட்டுக்கு ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவன் நான் என்றார் சின்னவர். அன்றிலிருந்து ஒருவர் போகும் விசேஷத்துக்கு மற்றவர் போவதில்லை. மனைவிக்கோ ஒரே ஆசை: மகளின் வரவேற்பு விளக்கை இரண்டு தாய்மாமன்மாரும் சேர்ந்து ஏற்ற வேண்டும்.

போனில் இருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "வாறன் தங்கச்சி, ஆனா அவனுக்குப் பின்னால நடந்து வரமாட்டன்" என்றார் பெரியவர். சின்னவர் "அவருக்குப் பின்னால" என்றார். மரியாதை இன்னும் மிச்சமிருக்கிறது என்று அதிலும் ஒரு நல்லதைக் கண்டுபிடித்தாள் என் மனைவி.

அடுத்த சனிக்கிழமை என்னை அஜின்கோர்ட் பகுதியில் வரவேற்புக்குப் பிடித்திருந்த மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். இடப்பக்கம் ஒரு கதவு, வலப்பக்கம் ஒரு கதவு. "எங்களுக்கு நாலு வேண்டாம், ரெண்டு காணும்," என்றாள். பெயரே சொல்லாமல் 'தாய்மாமன்மார்' என்று மட்டும் கூப்பிடும்படி அறிவிப்பாளருக்குச் சொல்லி வைத்தாள்.

வரவேற்பு அன்று எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. மேளம் தொடங்க, இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன. வேட்டி சால்வையோடு இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரோரமாக வந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை, ஆனாலும் ஒருவர் நடையைக் குறைத்தால் மற்றவரும் குறைத்தார். சரியாக ஒரே நேரத்தில் மேடையடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அப்போதுதான் கவனித்தேன். விளக்கு இருப்பது மேடையில். மேடைக்கு நடுவில் ஒரேயொரு படிக்கட்டு. இரண்டு பக்கமும் பூச்சாடி வைத்ததில் ஓராள் ஏறத்தான் இடம். கதவைப் பார்த்த நாங்கள் படியைப் பார்க்கவில்லை.

பெரியவர் இந்தப் பக்கம், சின்னவர் அந்தப் பக்கம். இருவரும் சால்வையைச் சரிசெய்தார்கள், திரும்பவும் சரிசெய்தார்கள். மேளகாரர் இன்னொரு சுற்று அடித்துப் பார்த்தார். "ஆராவது ஒராள் ஏறுங்கோவன்," என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. பெரியவர் தான் வந்த கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

மேடையில் நின்ற மனைவி, கையிலிருந்த மெழுகுதிரியைப் பக்கத்தில் நின்ற என்னிடம் தந்தாள். பட்டுச்சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு அந்தக் கனத்த குத்துவிளக்கை, எண்ணெய் சிந்தாமல், குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்துத் தூக்கி, படியிறங்கி வந்து, இரண்டு அண்ணன்மாருக்கும் நடுவில் தரையில் வைத்தாள்.