கஞ்சி இறங்காத தொண்டை

நாங்குநேரியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். என் காலில் கொட்டப்பட்ட கஞ்சி காய்ந்தும் காயாமலும் பிசுபிசுத்தது. அதைத் தொட்டுத் துடைக்கக்கூட அருவருப்பாக இருந்தது.

சக்கரவர்த்திக்கு டில்லியில் முடிசூட்டிய சமயம் எங்கள் ஊரில் வாந்திபேதி விழுந்தது. அப்பா, அம்மா, தங்கை மூவருக்கும் நானே கஞ்சி ஊட்டினேன். ஊட்டியது அப்படியே வெள்ளையாக வெளியே வந்தது. மூவரையும் புதைத்துவிட்டு, மிஞ்சியவர்களோடு ஊரைவிட்டு ஓடினேன். எனக்குப் பதினெட்டு வயது. அதன்பிறகு கஞ்சி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஓடிவந்தவர்களுக்கோ எந்தச் சத்திரத்திலும் கஞ்சிதான்.

நாங்குநேரிச் சத்திரத்தில் நான் கலயத்தைத் தள்ளியதும் கஞ்சி ஊற்றுகிறவர் கத்தினார்.

"ஏலே, ஓடிவந்த பயலுக்குக் கொழுப்பப் பாரு! தொரைக்கு நெய்ச்சோறு வைக்கணுமோ?"

கலயத்தை என் காலில் கவிழ்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். மனிதர்களே எனக்குக் குமட்டினார்கள். 'கர்த்தர் உன்னைச் சோதிக்கிறார்' என்று முதுகைத் தடவிய, எங்களோடு ஓடிவந்த கோயில் உபதேசியாரும்தான்.

மூன்றாம் வகுப்பில் கற்ற ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, தொண்டையைத் திறவும். இல்லாவிட்டால் என்னை எடுத்துக்கொள்ளும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

சாயங்காலம் சேரன்மகாதேவி எல்லையில், பனங்கிழங்கு விற்ற ஒரு அம்மாள் முன்னால் உட்கார்ந்தேன்.

"கஞ்சித் தண்ணி தரட்டாலே?"

"வேண்டாம்மா. பாத்தாலே கொமட்டுது. எங்க வீட்ல எல்லாரும் அதக் கக்கித்தான் செத்தாவ."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒரு கிழங்கைக் கிழித்து நாரெடுத்து நீட்டினாள்.

"எம்மவன் இந்த ஊரு ஆத்துல முங்கித்தான் போனான். அதுலேருந்து நான் ஆத்துல காலு வைக்கல. எப்பவாச்சும் ரெண்டு வாளி கெணத்துத் தண்ணி, அம்புட்டுதான் குளிப்பு. ஊரு எனக்கு நாத்தக்காரின்னு பேரு வச்சிருக்கு. நாறட்டும், ஒனக்கென்ன? தின்னு. பைய மெல்லு."

மென்றேன். இறங்கியது. அழுதேன்.

சகோதரரே, என் ஜெபம் கேட்கப்பட்டது அங்கேதான். வானத்திலிருந்து குரல் வரவில்லை. என்னைக் கொழுப்பெடுத்தவன் என்றோ சோதிக்கப்படுகிறவன் என்றோ சொல்லாத ஒரு ஆளைக் கர்த்தர் வழியில் உட்கார வைத்திருந்தார். இன்றுவரை நான் கஞ்சி குடிப்பதில்லை. மனிதர்கள்மேல் இருந்த அருவருப்பு மட்டும் பெரும்பாலும் போய்விட்டது. அதற்காக அவருக்கு நன்றி சொல்லுகிறேன். உங்களுக்கு இறங்காதது எதுவானாலும், வெட்கப்படாமல் அதையே அவரிடம் சொல்லுங்கள்.

நெல் அவிக்கும் களத்தில் ஆள் தேடுவதாக அன்றைக்கே அந்த அம்மாள் சொன்னாள். மறுநாள் காலை அண்டாக்களுக்கு விறகு தள்ளும் வேலையில் சேர்ந்தேன். முதல் அண்டா கொதித்து அதே கஞ்சி வாடை எழுந்ததும் வெளியே ஓடிக் கக்கினேன். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, இரண்டாவது அண்டாவுக்குத் தீ மூட்டினேன்.