மூன்றாவது மாடிக்கு மேலே வரும் ‘ஆனா’

எங்கள் மெத்தை கம்பெனியின் தலைமை ஆபீசில் லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு ஒரு பெயர் உண்டு. சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் ‘தெரியுமா’தான். “தெரியுமா வந்தாச்சா?” “தெரியுமா சாப்பிடப் போயிருக்காரா?” என்றுதான் விசாரிப்பார்கள். வாயைத் திறந்தால் அந்த வார்த்தை வந்து விழும். அதனால் தானாக ஒட்டிக்கொண்ட பெயர்.

நான் அதே கட்டடத்தில் டீ போடுகிறவள். மாடிப்படிக்கு அடியில் என் அடுப்பு. ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு காலையும் மாலையும் கீழிருந்து ஏழாவது மாடி வரை போய்வருவேன். அந்த மனுஷனின் பேச்சை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கேட்ட ஒரே ஜீவன் நான்தான். இது பெருமையா தண்டனையா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அவர் முதலில் மெத்தைக்குப் பஞ்சு அடைக்கிற வேலையில்தான் சேர்ந்தார். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இருமல் நிற்காமல் போகவே, கொண்டுவந்து லிஃப்டுக்குள் உட்கார வைத்தார்கள். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் முதுகு நோகாமல் படுக்க மெத்தை செய்த கம்பெனி, செய்தவருக்கு ஒரு முக்காலி கொடுத்தது. கூடவே மொட்டை மாடியில் ஒரு ரூமும் கொடுத்தது. அவரும் மனைவியும் அங்கேதான் குடியிருந்தார்கள். ரூம் வேலையோடு வந்தது. வேலை போனால் அன்றைக்கே ரூமையும் காலி செய்யவேண்டும். வேறு போக்கிடம் அவர்களுக்குக் கிடையாது.

லிஃப்டுக்கு வந்ததும் பொழுது போகவேண்டுமே. பார்சலில் சுற்றி வரும் பழைய பத்திரிகைத் தாள்களை நீவி நீவிப் படிக்க ஆரம்பித்தார். படித்தது வயிற்றில் தங்குமா? ஏறுகிறவர்களிடம் அவிழ்த்துவிட்டார். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், தெரியுமா? ஒட்டகச்சிவிங்கிக் கழுத்திலும் நம் கழுத்திலும் ஒரே எண்ணிக்கையில்தான் எலும்பு, தெரியுமா? இப்படிச் சின்னச் சின்ன விஷயமாக இருந்தவரை ஒரு வம்பும் இல்லை.

பிறகு அவருக்கு ருசி கண்டுவிட்டது. ஊரே நம்புகிற ஒன்றை முதலில் சொல்வது, கொஞ்சம் இழுப்பது, கடைசியில் அது பொய் என்று போட்டு உடைப்பது. நல்ல வித்தைதான். ஆனால் எங்கள் லிஃப்ட் கிழட்டு லிஃப்ட். அது இரண்டாவது மாடிக்குப் போய்ச் சேரும்போது அவர் பாதியில்தான் இருப்பார். ‘ஆனா’ என்ற வார்த்தை மூன்றாவது மாடி தாண்டித்தான் வரும்.

இரண்டாவது மாடியில்தான் கணக்குப் பிரிவு. கம்பெனியின் பாதி ஜனம் அங்கே இறங்கிவிடும். அதற்கு மேலே கிடங்கு, ஏழில் முதலாளி. ஆகவே பொய் எல்லாம் இரண்டாவது மாடியில் இறங்கி வேலைக்குப் போயிற்று, உண்மை மட்டும் என்னோடும் முதலாளியோடும் மேலே போயிற்று. தங்கமீனுக்கு மூன்று விநாடிக்கு மேல் ஞாபகம் நிற்காது என்று கணக்குப் பிரிவு முழுக்க நம்பியது. மனிதன் மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான் உபயோகிக்கிறான் என்றும் நம்பியது. அதற்கு அத்தாட்சி அவர்கள் பிரிவிலேயே நிறைய இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, பொய்யின்னு முதல்லயே சொல்லிட்டு அப்புறம் கதை விடுங்களேன்” என்றேன்.

“முடிவை முதல்ல சொன்னா எவன் காது குடுப்பான் தங்கச்சி?”

“யாராவது நம்பித் தொலைக்கப் போறாங்க.”

“பொறுமையா நின்னு கேக்காதவன் நம்பினா நான் என்ன பண்றது?” என்று நெம்புகோலைத் தட்டிவிட்டார். அந்தத் திமிரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கணக்குப் பிரிவு ஹெட்கிளார்க்குக்கு நாற்பதை ஒட்டிய வயதில் ஒருவழியாகக் கல்யாணம் கூடி வந்திருந்தது. மனுஷனுக்கு உச்சியில் முடி இல்லை. காதோரத்து முடியை வளர்த்து, குறுக்கே இழுத்துப் படியவைத்துச் சமாளித்துவந்தார். ஒருநாள் காலை அவர் லிஃப்டில் நிற்கையில் நம்மவர் ஆரம்பித்தார். “தலையைச் சுத்தமா வழிச்சுட்டா முடி அடர்த்தியா வளரும்னு காலங்காலமா சொல்றாங்க, தெரியுமா?” இரண்டாவது மாடி வந்தது. ஹெட்கிளார்க் யோசனையோடு இறங்கினார். கதவை இழுத்துச் சாத்திவிட்டு நம்மவர் மிச்சத்தை என்னிடமும் முதலாளியிடமும் சொன்னார். முதலாளி மூன்றாவது மாடி தாண்டினால் போனை எடுத்துக் காதில் வைத்துவிடுகிறவர். ஆக, நான்தான் கேட்டேன்.

அடுத்த வாரம் ஹெட்கிளார்க் மழுமழுவென்று வந்து நின்றார். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் காடு மாதிரி வளர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். வளரத்தான் செய்தது. முன்பு எங்கே இருந்ததோ அங்கே மட்டும் வளர்ந்தது. உச்சி அப்படியே பளபளத்தது. இழுத்துப் போடுகிற நீளத்துக்குக் காதோரத்து முடியும் இப்போது இல்லை.

மனுஷன் குமுறிவிட்டார். லிஃப்ட்காரர் வேண்டுமென்றே பொய் சொல்லி ஊழியர்களைக் கெடுக்கிறார், அவரை வேலையை விட்டு அனுப்பவேண்டும் என்று முதலாளியிடம் போய் நின்றார். மறுநாள் மத்தியானம் விசாரணை. அன்று காலையிலேயே அண்ணி, அதாவது அவர் மனைவி, பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். முட்டி வலிக்காரி, படியிறங்கி வருஷக்கணக்காகிறது. டீ கொடுக்கப் போனபோது, “எங்கே போறதுன்னு யோசிக்கவே பயமா இருக்கு” என்றாள்.

புகார் கொடுத்தவரையும் தன் லிஃப்டில் தானே மேலே ஏற்றிப் போகவேண்டிய தலையெழுத்து அவருக்கு. ஃபிளாஸ்கோடு நானும் ஏறினேன். ஏழு மாடிக்கும் ஒரு பேச்சு இல்லை. அந்த லிஃப்ட் அவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

முதலாளி மேஜைக்குப் பின்னால் கம்பளிக் குல்லாவோடு உட்கார்ந்திருந்தார். ஏசி ஒத்துக்கொள்ளவில்லையாம், கொஞ்ச நாளாகக் குல்லா இல்லாமல் வருவதில்லை. நான் கப்புகளை அடுக்கினேன்.

“நீ என்னய்யா சொன்னே இவர்கிட்ட?” என்றார் முதலாளி.

‘வளராதுன்னு சொன்னேன்’ என்று ஒரே மூச்சில் சொல்லித் தப்பித்திருக்கலாம். குடியிருக்கிற ரூம் போகப்போகிறது, அப்போதாவது புத்தி வரவேண்டாமா? தொண்டையைச் செருமினார். “ஐயா, தலையை வழிச்சுட்டா முடி அடர்த்தியா வளரும்னு காலங்காலமா…”

மேஜைமேல் இருந்த போன் அடித்தது. முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். பேசி முடித்து வைத்துவிட்டு, “சரி, அவரே ஒத்துக்கிட்டாரு. கணக்கை முடிச்சு அனுப்பிடுங்க” என்றார்.

நம்மவர் திறந்த வாயை மூடவில்லை. மீதி வார்த்தைகள் உள்ளேயே நின்றுவிட்டன. எனக்கு அவர்மேல் வந்த கோபமும் அண்ணியை நினைத்து வந்த அழுகையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. கப்பை மேஜைமேல் ணங்கென்று வைத்தேன்.

“வளராது” என்றேன்.

“என்னம்மா வளராது?”

“வழிச்சா அடர்த்தியா வளராது. அது வெறும் புரளி. அதைத்தான் அண்ணன் சொல்ல வந்தாரு. இந்த சார் ரெண்டாவது மாடியிலேயே இறங்கிட்டாரு. நீங்க மூணாவது மாடியிலேயே போனை எடுத்துட்டீங்க. கடைசி வரைக்கும் கேட்டது நான் ஒருத்திதான்.”

முதலாளியின் கை மெதுவாகக் குல்லாவுக்குப் போயிற்று. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, அதற்கு முன் அவரிடம் நான் கேட்டேயிராத சின்னக் குரலில், “வளரவே வளராதா?” என்றார்.

“பழையபடி வளருங்க ஐயா” என்றார் நம்மவர். “அடர்த்தி மட்டும் அதிகமாகாது.”

ஹெட்கிளார்க் குல்லாவையே பார்த்தார். முதலாளி ஹெட்கிளார்க்கின் தலையைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். வேலையை விட்டு அனுப்பினால் காரணம் எழுதவேண்டும். காரணம் எழுதினால் எத்தனை தலை ஏமாந்தது என்ற கேள்வி வரும். முதலாளிக்கு அது உடனே விளங்கிவிட்டது, பெரிய கம்பெனி நடத்துகிறவர் அல்லவா. “போய் வேலையைப் பாருய்யா. இனிமே முடிவை முதல்ல சொல்லு” என்று காகிதத்தைப் புரட்டத் தொடங்கினார்.

இறங்கும்போது ஹெட்கிளார்க் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். மூன்றாவது மாடியில், “அப்ப அந்தத் தங்கமீனு?” என்றார்.

“மாசக்கணக்கா ஞாபகம் வச்சிருக்கும் சார்.”

“மூளை விஷயம்?”

“முழுசையும்தான் உபயோகிக்கிறோம் சார்.”

அவர் லிஃப்ட் சுவரில் சாய்ந்துகொண்டார். பிரிவில் இத்தனை பேரையும் இனிமேல் எப்படி மன்னிப்பது என்று யோசித்தாரோ என்னவோ.

அவரை இறக்கிவிட்டு நாங்கள் இருவரும் மேலே போனோம். ரூம் வாசலில் கட்டிய சாக்குமேல் அண்ணி உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பை வாயில் அழுத்தியிருந்தாள். அவளைப் பார்த்ததும் மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. கையை வீசிக்கொண்டு, “இன்னைக்கு மேலே என்ன நடந்துச்சு தெரியுமா? முதலாளி ஒரு குல்லா…” என்று ஆரம்பித்தாரே பார்க்கவேண்டும். எனக்கு ஃபிளாஸ்காலேயே ஒன்று வைக்கலாம்போல் இருந்தது.

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “ஏங்க” என்றாள். “ரூம் இருக்கா, இல்லையா?”

அவர் கை அந்தரத்திலேயே நின்றது. கதை முழுவதும் நாக்கு நுனியில் இருந்தது, எனக்குத் தெரிந்தது. அதை விழுங்கினார்.

“இருக்கு” என்றார்.